இழையை வேகமாக இழுத்தால் தடிமன் ஏன் அலை அலையாக மாறுகிறது?

கேள்வி இதுதான்: பாலிப்ரொப்பிலீன் உருகலை ஸ்பின்னரெட் (நுண்துளைகள் உள்ள தட்டு) வழியே தள்ளி இழுக்கும்போது, உருளையின் வேகத்தைக் கூட்டினால் இழை ஒரே தாளத்தில் தடித்தும் மெலிந்தும் வருவது ஏன்? பம்பு சரியாகத்தான் இருக்கிறதாம்.

பம்பை விடுங்கள். இது 'டிரா ரெசொனன்ஸ்', அதாவது இழுக்கும்போது தானாகவே எழும் தடிமன் அலைவு. உருளையின் வேகம் மாறாதது, இழுவிசைதான் மாறுகிறது. இடையில் ஒரு மெலிந்த பகுதி வந்தால் நீட்சி முழுக்க அங்கேயே குவியும், இழுவிசை குறையும். அதனால் மேலே புதிதாக வருவது குறைவாக நீண்டு தடிமனாகவே இறங்கும். அந்தத் தடித்த பகுதி உருளையை நெருங்கும்போது இழுவிசை ஏறி, மேலே இருப்பதை மெலிய வைக்கும். அப்புறம் மறுபடியும் முதலிலிருந்து.

கணக்கும் எளிதுதான். நியூட்டன் வகைத் திரவத்தில் (எவ்வளவு வேகமாக இழுத்தாலும் பாகுத்தன்மை மாறாதது) இழுவிசை என்பது பாகுத்தன்மையின் 3 மடங்கு (டிரௌட்டன், 1906), குறுக்குப் பரப்பு, நீட்சி வீதம் ஆகியவற்றின் பெருக்கல். வெப்பநிலை மாறாது என்று வைத்துக்கொண்டு இதைத் தீர்த்தால், உருளை வேகம் துளையிலிருந்து உருகல் வெளிவரும் வேகத்தைப் போல் சுமார் 20.2 மடங்கைத் தாண்டியதும் ஓட்டம் நிலை குலைகிறது. பாகுத்தன்மை எவ்வளவு என்பது இந்த எண்ணைப் பாதிப்பதில்லை! ஆனால் இழுக்க இழுக்க இளகும் உருகலில் வரம்பு இன்னும் கீழே இறங்கும். பாலிப்ரொப்பிலீனில் தொல்லை அதிகம் என்பதற்கு இதுவே முக்கியக் காரணம். மூலக்கூறில் நீண்ட கிளைகள் உள்ள எல்டிபிஈ (குறை அடர்த்தி பாலிஎத்திலீன்) இழுக்கும்போது இறுகுவதால் தாக்குப்பிடிக்கும்.

சரி, ஆலைகளில் பாலியெஸ்டரை நூறு மடங்குக்கு மேல் இழுக்கிறார்களே? அங்கே குளிர்காற்று இழையை வழியிலேயே இறுக்கிவிடுகிறது. வெப்பச் சமன்பாட்டைச் சேர்க்காத மாதிரியை அங்கே நம்ப வேண்டாம். உங்கள் இயந்திரத்தில் முதலில் காற்றோட்டத்தைக் கூட்டிப் பாருங்கள்.