எனக்குச் சொர்க்கமாக இருந்த லைன் வீடு அக்காவுக்கு ஏன் நரகம்?

கேள்வி: எனக்கு 51 வயது. பிறந்து வளர்ந்தது ஓட்டேரிப் பக்கம் ஒரு லைன் வீட்டில். ஒட்டி ஒட்டி 14 குடித்தனம், நடுவில் ஒரு சந்து. அப்பா பெரம்பூர் கேரேஜ் ஒர்க்ஸில் ஃபிட்டர். பிற்பாடு ஓனர் இடத்தை விற்றுவிட்டார், மொத்தமாக இடித்து அபார்ட்மென்ட் கட்டிவிட்டார்கள். ஆளுக்கொரு திசையாகப் போய்விட்ட எங்கள் லைன் ஆட்களைத் தேடிப் பிடித்து ஒரு வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்தேன். நாற்பது பேர் சேர்ந்திருக்கிறோம், அதில் லேடீஸ் ஐந்தாறு பேர். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் சந்திக்கலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம், லேடீஸ் எல்லாம் சேர்ந்து சமைத்தால் பழையபடி இருக்கும் என்பது என் ஆசை. பிள்ளைகளுக்காக அந்த இடத்தைப் பற்றி ஒரு சின்னப் புத்தகமும் எழுத நினைக்கிறேன். ஆனால் என்னை விட ஏழு வயது மூத்த அக்கா, சேர்த்த அன்றைக்கே குரூப்பை விட்டு வெளியேறிவிட்டது. போன் செய்தால், "அந்த எழவு லைனப் பத்தி இனிமே எங்கிட்ட பேசாத" என்று வைத்துவிட்டது. வளர்ந்த இடத்தை நேசிப்பது தப்பா? அக்காவுக்கு எப்படிப் புரியவைப்பது?
பெயர் வேண்டாம், அம்பத்தூர்.

பதில்: தப்பே இல்லை. வளர்ந்த இடத்தில் ஒரு செங்கல்கூட மிச்சமில்லை என்றால் யாருக்கும் மனசு அடித்துக்கொள்ளத்தான் செய்யும். "வறுமையைப் போய் எதுக்கு ஏங்கணும்" என்று கேட்கும் ஆட்கள் உண்டு, அவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது.

ஆனால் "அக்காவுக்கு எப்படிப் புரியவைப்பது" என்று கேட்டிருக்கிறீர்களே, அங்கேதான் எனக்கு உதைக்கிறது. நீங்கள் அனுப்பியது நாலு பக்கக் கடிதம், இங்கே சுருக்கித்தான் போட்டிருக்கிறோம். அந்த நாலு பக்கத்தில் ரப்பர் பந்து கிரிக்கெட் வருகிறது, மாஞ்சா போட்ட நூல் வருகிறது, தெருவிளக்குக்குக் கீழே கேரம்போர்டு வருகிறது, கடைசி வீட்டு டிவியில் வெள்ளிக்கிழமை ராத்திரி தூர்தர்ஷன் சினிமாப் பாட்டு பார்க்க ஜன்னலில் தொங்கியது வருகிறது, ஆடி மாதம் அம்மன் கோயிலில் ஊற்றிய கூழுக்குத் தொட்டுக்கொள்ளக் கொடுத்த கருவாட்டுக் குழம்புகூட வருகிறது. அக்கா எங்கே? ஒரே ஒரு வரி. "அக்கா விடியறதுக்கு முன்னாடியே எழுந்து தண்ணி புடிச்சி வச்சிடும்." அவ்வளவுதான், அடுத்த வரியில் நீங்கள் பட்டம் விடப் போய்விட்டீர்கள்.

அந்த ஒரு வரிக்குள் என்ன இருந்தது என்று அந்தக் காலத்து வடசென்னையில் பெண்ணாக வளர்ந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கார்ப்பரேஷன் தண்ணீருக்கு அழுத்தம் கிடையாது, தானாக ஏறி வராது, அதனால் சந்து முனையில் அடிபம்பு. தண்ணீர் வருவது ராத்திரி இரண்டு மணிக்கா நாலு மணிக்கா என்று நிச்சயமில்லை. முந்தின ராத்திரியே குடத்தை வரிசையில் வைக்க வேண்டும், குடம் போதாவிட்டால் ஓட்டை வாளி, அதுவும் இல்லாவிட்டால் ஒரு செங்கல்லையாவது அடையாளத்துக்கு வைக்க வேண்டும், அப்புறம் அந்தச் செங்கல்லை யாரோ நகர்த்திவிட்டார்கள் என்று சண்டை. பம்பு காற்று வாங்கிவிட்டால் மேலே ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றிவிட்டு விடாமல் அடிக்க வேண்டும், அந்த ஒரு சொம்பை முதல்நாளே எடுத்து வைத்திருக்க வேண்டும். உள்ளே வாஷர் தேய்ந்திருந்தால் எவ்வளவு அடித்தாலும் சத்தம்தான் வரும். ஒரு பிளாஸ்டிக் குடம் ஏறக்குறைய 15 லிட்டர் பிடிக்கும். அதை இடுப்பில் வைத்து, ஈரச் சந்தில் வழுக்காமல் வந்து, அண்டாவில் கொட்டிவிட்டு, தன் இடத்தில் அடுத்தவள் குடம் நுழைவதற்குள் திரும்ப ஓட வேண்டும். இதெல்லாம் முடிந்த பிறகுதான் ஸ்கூல். உங்கள் அக்கா எத்தனாவது வரைக்கும் படித்தார் என்று நீங்கள் எழுதவில்லை.

1983-ல் சென்னைக்குக் கிருஷ்ணா தண்ணீர் கொண்டுவர ஆந்திராவோடு ஒப்பந்தம் போட்டார்கள். அப்போது உங்களுக்கு ஒன்பது வயது இருக்கும், அக்காவுக்குப் பதினாறு. அந்தத் தண்ணீர் மாநில எல்லையைத் தாண்டிப் பூண்டி ஏரிக்கு வந்து சேர்ந்தது 1996-ல். அதற்குள் அக்காவுக்குக் கல்யாணமாகி, புருஷன் வீட்டில் வேறொரு பம்படியில் நின்றிருப்பார்.

அப்புறம் கக்கூஸ். நாலு பக்கத்தில் அந்தப் பேச்சே இல்லை. 14 குடித்தனத்துக்கு எத்தனை இருந்தது, ஒன்றா இரண்டா? பையன்களுக்கு அது ஒரு விஷயமே இல்லை, எங்கேயாவது ஓடிப்போய் வந்துவிடலாம். வயசுக்கு வந்த பெண், விடிவதற்கு முன்னாடி போக வேண்டும் இல்லாவிட்டால் இருட்டும் வரைக்கும் அடக்கிக்கொண்டு இருக்க வேண்டும், அதற்காகவே தண்ணீர் குடிக்காமல் இருந்த பெண்கள் இந்த ஊரில் கொஞ்சநஞ்சம் இல்லை. திண்ணையில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசிய பெரியவர்களைப் பற்றி அவ்வளவு பாசமாக எழுதியிருக்கிறீர்கள். அதே திண்ணைகளைத் தாண்டித்தான் அக்கா கையில் வாளியோடு சந்துக் கோடிக்குப் போய் வந்திருப்பார், எல்லார் கண்ணும் பார்க்க, மாதத்தில் அந்த மூன்று நாளும் சேர்த்து. "யாரும் கதவைச் சாத்தவே மாட்டோம்" என்று பெருமையாகச் சொல்கிறீர்கள். ஒரே அறையில் அப்பா, அம்மா, தம்பி எல்லாரும் இருக்கும்போது, பதினாறு வயதுப் பெண்ணுக்குச் சாத்திக்கொள்ள ஒரு கதவு தேவைப்பட்டிருக்கும்.

இதைச் சொல்வது உங்கள் சந்தோஷம் பொய் என்பதற்காக இல்லை. பக்கத்து வீட்டில் கிண்ணத்தை நீட்டி ரசம் வாங்கியதும் நிஜம், அப்பா நைட் ஷிஃப்ட் போன நாட்களில் எதிர் வீட்டு ஆயா உங்கள் வாசலில் வந்து படுத்துக்கொண்டதும் நிஜம். அந்தச் சந்தில் உங்களுக்கு விளையாட நேரம் இருந்தது. அந்த நேரத்தை உங்களுக்குக் கொடுத்தது யார் என்பதை மட்டும் யோசித்துப் பாருங்கள் என்கிறேன்.

இது உங்கள் ஒருவர் வீட்டுக் கதையும் இல்லை. அந்த வட்டாரம் முழுக்க ரயில்வே பட்டறையையும் பின்னி மில்லையும் நம்பி வளர்ந்தது. 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் அங்கேதான் தொடங்கியது, இந்தியாவிலேயே முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று அதைச் சொல்வார்கள். பி.பி. வாடியா, திரு.வி.க., செல்வபதி செட்டியார், இராமானுஜலு நாயுடு என்று பெயர்கள் வரிசையாக வரலாற்றில் இருக்கின்றன, இருக்கவும் வேண்டும். மில் 1996-ல் மூடியது வரைக்கும் யாராவது எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தத் தொழிலாளி காலை ஷிஃப்டுக்குக் குளித்துவிட்டுப் போகத் தண்ணீர் தூக்கியவள் பெயரை எழுதினவர்கள் ரொம்பக் குறைவு. உங்கள் புத்தகமும் அதே வழியில் போய்விட வேண்டாம் என்பதுதான் என் ஆசை.

சரி, என்ன செய்யலாம்? குரூப்பில் அக்காவைத் திரும்பச் சேர்க்காதீர்கள். சந்திப்புக்கு வரச்சொல்லிக் கெஞ்சவும் வேண்டாம், அண்ணியையோ மாமாவையோ தூது அனுப்பவும் வேண்டாம். ஒருநாள் நீங்கள் மட்டும், சும்மா, அவர் வீட்டுக்குப் போங்கள். "ஏன்க்கா உனக்கு அந்த இடம் பிடிக்கல" என்று ஆரம்பிக்காதீர்கள், அது விசாரணை மாதிரி இருக்கும். "நம்ம பம்புல தண்ணி எத்தனை மணிக்குக்கா வரும்?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இருங்கள், நடுவில் "ஆனா ஜாலியாவும் இருந்துச்சு இல்ல" என்று நுழையாதீர்கள், அது மட்டும் கூடவே கூடாது. பேசினால் கேளுங்கள். பேசாவிட்டால் காபி குடித்துவிட்டுக் கிளம்புங்கள், இன்னொரு நாள் போகலாம். பம்பும் கக்கூஸும் தவிர வேறு ஏதாவதும் அவர் மனதில் இருக்கலாம், சந்தில் யாரோ நடந்துகொண்ட விதமோ, படிப்பை நிறுத்தியதோ. அதை அவராகச் சொன்னால் சொல்லட்டும், தோண்டாதீர்கள். கடைசிவரைக்கும் அந்த இடத்தை அவர் வெறுத்தால் வெறுத்துவிட்டுப் போகட்டும், அதற்கு அவருக்குப் பாத்தியதை உண்டு.

புத்தகத்துக்கு, நினைவிலிருந்து நேராகக் கதை எழுத உட்காருவதை விட, சந்திப்பு அன்றைக்கு ஒரு பெரிய சார்ட் பேப்பரைச் சுவரில் ஒட்டி, லைனை வரையுங்கள். எந்தக் கதவு யாருடையது, பம்பு எங்கே, சாக்கடை எந்தப் பக்கம் ஓடியது, முருங்கை மரம் இருந்ததா, ஒருவர் சொன்னதை இன்னொருவர் திருத்துவார், அந்தச் சண்டையிலேயே பாதிப் புத்தகம் வந்துவிடும். பழைய ரேஷன் கார்டு, ஸ்கூல் டிசி, கல்யாணப் பத்திரிகை இருந்தால் கொண்டுவரச் சொல்லுங்கள், வீடு போனாலும் கதவு எண் அதில் இருக்கும். குரூப்பில் நாற்பது பேரில் பெண்கள் ஐந்தாறு பேர்தான் என்கிறீர்களே, மற்ற வீட்டுப் பெண்கள் எங்கே? கல்யாணமாகிப் போன ஊரில்தான் இருப்பார்கள். அவர்கள் தம்பிகளும் அண்ணன்களும் உங்கள் குரூப்பில் இருக்கிறார்கள், நம்பர் வாங்குவது கஷ்டமில்லை. வரைபடத்தில் பம்பையும் கக்கூஸையும் குறிக்கும் வேலையை அவர்களிடம் விடுங்கள்.

சந்திப்பை அந்த இடத்திலேயே வைக்க வேண்டாம். கேட்டில் வாட்ச்மேன் "எந்த ஃபிளாட்டுக்கு" என்று கேட்பார், ஐம்பது வயதில் அந்தச் சங்கடம் எதற்கு. பக்கத்தில் ஏதாவது சின்ன ஹால் பிடித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் அந்தச் சமையல் யோசனை. லேடீஸ் எல்லாம் சேர்ந்து சமைத்தால் பழையபடி இருக்கும்தான், அதனால்தான் வேண்டாம் என்கிறேன். நாற்பது பேருக்குப் பிரியாணி சொல்லிவிடுங்கள், கத்தரிக்காயும் தயிர்ப் பச்சடியும் கடைக்காரர்களே தந்துவிடுவார்கள், காசை ஆண்கள் பிரித்துக்கொள்ளுங்கள். சாப்பிட்ட இடத்தையும் நீங்களே கூட்டிவிடுங்கள்.