பின் விறாந்தையில் படுத்த அம்மா

கேள்வி: எனக்கு 48 வயது. கந்தோரில் வேலை. ஒரு வருடமாக மாதவிலக்கு ஒழுங்கில்லை. இரண்டு மாதம் வராது. போன தடவை வந்தது 12 நாள் நிற்கவில்லை. நெஞ்சிலிருந்து முகம் வரைக்கும் திடீரென்று நெருப்பாக ஏறுகிறது. முதலில் கச்சான் காற்று என்று நினைத்தேன். மார்கழி மழையிலும் அதேதான். இரவு இரண்டு மணிக்கு நைட்டி நனைந்து எழும்புகிறேன், பிறகு நித்திரை இல்லை. நெஞ்சு படபடத்து ஈ.சி.ஜி. எடுத்தேன், ஒன்றுமில்லை என்றார்கள். கந்தோரில் ஃபைலை எங்கே வைத்தேன் என்று மறந்துவிடுகிறது. ஏ.எல். படிக்கிற மகனை ஒன்றுமில்லாததற்குப் பேசிவிட்டுக் குசினியில் நின்று அழுகிறேன். எங்கள் அம்மாவுக்கு இப்படி ஒன்றும் வரவில்லை. 50 வயதளவில் பின் விறாந்தையில் தனியாகப் படுக்கத் தொடங்கினா, அவ்வளவுதான். அவவுக்கு இப்போது 75. போன வருடம் கிணற்றடியில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து அவவையும் நான்தான் பார்க்கிறேன். இவரிடம் இதையெல்லாம் கதைக்க ஏலாது. எனக்கு மட்டும் ஏன் இப்படி? இது அந்தக் காலம்தானா, வேறு வருத்தமா? என்ன செய்வது?
பெயர் வேண்டாம், உப்புவெளி, திருகோணமலை

பதில்: தங்கச்சி, இதே கடிதம் எனக்கு எத்தனை வந்திருக்கும் என்று எண்ணுவதை எப்போதோ விட்டுவிட்டேன். ஊர் மாறும், கையெழுத்து மாறும், ‘எனக்கு மட்டும் ஏன்’ என்பது மட்டும் மாறாது. பயப்படாதீர்கள், எல்லாம் சரியாகும் என்ற பேச்சை நீங்கள் வேறு யாரிடமாவது கேட்டுக்கொள்ளலாம். உங்கள் கடிதத்தில் ஒரு வசனம் எனக்குக் கோபத்தை வரவழைத்தது. அதற்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் மற்றதற்கு வருவேன்.

“50 வயதளவில் பின் விறாந்தையில் தனியாகப் படுக்கத் தொடங்கினா, அவ்வளவுதான்.”

அவ்வளவுதானா? இப்போது 75 என்றால், அம்மாவுக்கு 50 ஆனது 2000ஆம் ஆண்டு வாக்கில். நீங்கள் அப்போது 23 வயதுப் பெண், நினைவில்லாமல் போகாது. 2002 பெப்ரவரியில் யுத்த நிறுத்தம் வருவதற்கு முந்தைய திருகோணமலை. பொழுதுபட்டால் கதவைப் பூட்டிக்கொண்டு, நாய் குரைத்தாலே வயிற்றைக் கலக்கிய காலம். அந்தக் காலத்தில் ஒரு பெண், உள்ளே கட்டில் இருக்க, பாயைச் சுருட்டிக்கொண்டு போய்ப் பின் விறாந்தையில் தனியாகப் படுத்திருக்கிறா. ஏன் என்று வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. அப்பாவோடு கோபம் என்று நினைத்தீர்களா? விரதம் என்று நினைத்தீர்களா? சீமெந்து நிலம் குளிர்ந்திருக்கும், தங்கச்சி. சண்டைப் பயத்தையும் மீறி ஒரு மனுசியை வெளியே கொண்டுபோய்ப் படுக்க வைத்த சூடு எவ்வளவு இருந்திருக்கும்? இரவு இரண்டு மணிக்கு நனைந்த நைட்டியோடு குந்தியிருக்கிற உங்களுக்கே இது விளங்காவிட்டால் வேறு யாருக்கு விளங்கும்? வேறு காரணம் இருந்திருந்தால் எழுதுங்கள், மன்னிப்புக் கேட்கிறேன். அப்படி எழுத மாட்டீர்கள் என்றே நினைக்கிறேன்.

அதற்கு அடுத்தாற்போலவே அம்மாவின் இடுப்பெலும்பு முறிந்ததை எழுதியிருக்கிறீர்கள், ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாததுபோல. தொடர்பு இருக்கிறது. ஈஸ்ட்ரோஜன் என்ற ஹோர்மோன்தான் பெண்ணின் எலும்பைத் தேய்ந்துபோகாமல் காத்துவைப்பது. மாதவிலக்கு நிற்கிற காலத்தில் அது குறைய, அந்தச் சில வருடங்களில் எலும்பு வேகமாக மெலியும். நோவு இல்லை, சத்தம் இல்லை, விழுந்து முறிகிற நாள்வரை ஒருவருக்கும் தெரியாது. கிணற்றடியில் வழுக்காத வீடு எங்கே இருக்கிறது? வழுக்கியதற்கே முறிந்ததுதான் யோசிக்க வேண்டிய விசயம். முறிவுக்கு வைத்தியம் செய்தார்கள் சரி, எலும்பு மெலிவுக்கு அம்மாவுக்கு ஏதும் மருந்து தருகிறார்களா? அடுத்த கிளினிக்கில் நீங்களே வாயைத் திறந்து கேளுங்கள். உங்களைப் பற்றியும் சொல்லுங்கள். தாய்க்கோ தகப்பனுக்கோ இடுப்பெலும்பு முறிந்திருந்தால் பிள்ளைக்கும் முறிகிற ஆபத்து கூட என்று வைத்தியர்கள் கணக்கில் எடுப்பார்கள். சம்பலும் சோறும் தின்று பிளேன்டீ குடித்து நாளைக் கழிக்காமல் தம்பலகாமத்துத் தயிர், முள்ளோடு நெத்தலி, குரக்கன் என்று சாப்பாட்டில் கல்சியம் சேருங்கள். 100 கிராம் குரக்கனில் 300 மில்லிகிராமுக்கு மேல் கல்சியம் இருக்கிறது. 50 வயது தாண்டிய பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 1200 வேண்டும். நடவுங்கள். உப்புவெளிக் கடற்கரை பக்கத்தில் இருக்க நடக்க இடமில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள்.

சரி, இனி உங்கள் கேள்வி. ஆம், அந்தக் காலம்தான், அல்லது அதற்கு முந்திய வருடங்கள். தொடர்ந்து 12 மாதம் வராமல் இருந்தால்தான் நின்றது என்று சொல்வார்கள். பெரும்பாலானவர்களுக்கு 45க்கும் 55க்கும் இடையில் அது நடக்கும். அதற்கு முன் சில வருடங்கள் ஹோர்மோன் ஒரு நாள் கூடி, ஒரு நாள் குறைந்து ஆட்டம் காட்டும். உடம்புச் சூட்டைப் பார்த்துக்கொள்கிற மூளையின் பகுதி இதில் குழம்பி, கொஞ்சச் சூட்டுக்கே ‘வேர்க்கட்டும்’ என்று உத்தரவு போடுகிறது. நெஞ்சுப் படபடப்பு, நித்திரையின்மை, மறதி, அழுகை எல்லாம் இதோடு வரக்கூடியவைதான். கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறு, ஏழிலும் சூடு ஒன்றுபோல இல்லை, இதுவும் அப்படித்தான். ஒருத்திக்கு ஆறு மாதத்தில் போய்விடும், இன்னொருத்திக்கு ஏழெட்டு வருடம் இழுக்கும். கச்சான் காற்று என்றால் வீட்டில் நான்கு பேருக்கும் அல்லவா வேர்த்திருக்க வேண்டும்?

ஆனால் அந்த 12 நாள் இரத்தப்போக்கை இதோடு சேர்த்து விட்டுவிட வேண்டாம். “இந்த வயதில் அப்படித்தான்” என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கர்ப்பப்பையில் கட்டி இருக்கலாம், உள்சுவர் தடித்திருக்கலாம். இரத்தம் குறைந்திருந்தாலும் படபடக்கும், தைராயிட் பிழைத்தாலும் வேர்க்கும். ஹீமோகுளோபினும் தைராயிட்டும் பார்க்கச் சொல்லுங்கள், ஸ்கேன் வேண்டுமா என்று கேளுங்கள். பின்னாளில் ஒரு வருடம் முழுதும் நின்றுபோன பிறகு ஒரு துளி பட்டாலும், அன்றைக்கே வைத்தியரிடம் போக வேண்டும். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் உங்கள் பகுதி மிட்வைஃபைக் கேளுங்கள். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளில் 35 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு வெல் வுமன் கிளினிக் நடக்கிறது, காசு இல்லை. பிரஷர், சீனி, மார்பு, கர்ப்பப்பைக் கழுத்து எல்லாம் பார்ப்பார்கள். 48 வயதுவரை ஒரு தடவையாவது அங்கே போயிருக்கிறீர்களா?

போகும்போது தேதிகளை எழுதிக்கொண்டு போங்கள். என் 51ஆவது வயதில் ஒரு வைத்தியரிடம் போய் நித்திரை இல்லை என்று மட்டும் சொன்னேன். முகத்தை நிமிர்ந்து பார்க்காமல் நித்திரைக் குளிசை எழுதித் தந்தார். மாதவிலக்கைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அரைவாசிப் பிழை என்னுடையது.

ஹோர்மோன் மருந்து இருக்கிறது. 2002இல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வுக்குப் பிறகு அதைப் பற்றிய பயம் உலகம் முழுக்கப் பரவியது. இப்போது வைத்தியர்கள் சொல்வது வேறு: 60 வயதுக்குள், அல்லது நின்று பத்து வருடத்துக்குள் தொடங்கினால், பெரும்பாலான ஆரோக்கியமான பெண்களுக்கு நன்மையே கூட. மார்புப் புற்றுநோய், இரத்தக்கட்டி, பக்கவாதம், ஈரல் வருத்தம் வந்தவர்களுக்கு ஒத்துவராது. ஹோர்மோன் வேண்டாம் என்றால் வேறு குளிசைகளும் இருக்கின்றன. அதை வைத்தியரோடு கதைத்து முடிவெடுங்கள், பக்கத்து வீட்டு அக்காவோடு வேண்டாம். மற்றப்படி பருத்தி உடுப்பு, படுக்கப்போகுமுன் உறைப்பும் சுடு தேநீரும் குறைப்பது, தலைமாட்டில் ஒரு போத்தல் தண்ணீர். இவ்வளவு உங்களுக்கே தெரியும்.

இனி ‘இவரிடம் கதைக்க ஏலாது’ என்பதற்கு வருகிறேன். ஏன் ஏலாது? பிள்ளை பெறும்போது கதைத்தீர்கள்தானே. தனியாகப் படுப்பதில் பிழை இல்லை; ஒன்றும் சொல்லாமல் எழும்பிப் போனால் அந்த மனுசன் தன்னை வெறுக்கிறாள் என்றுதான் நினைப்பார். உங்கள் அப்பாவும் அப்படித்தான் நினைத்திருப்பார், பாவம். உறவின்போது நோவு என்றால் அதையும் சொல்லுங்கள், அதற்கும் பூசுகிற மருந்து இருக்கிறது. இன்னொன்று: 50 வயதுக்கு முன் மாதவிலக்கு நின்றால் அதன் பிறகும் இரண்டு வருடம் கர்ப்பத்தடை வேண்டும். உங்கள் வயதில் இன்னும் பிள்ளை தங்கக்கூடும். இதை இவரிடம் கதைக்காமல் சுவரிடமா கதைப்பீர்கள்?

மகனிடமும் சொல்லுங்கள். ஆம்பிளைப் பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்களோடு எனக்கு ஒத்துவராது. அம்மா ஏன் எரிந்து விழுகிறா என்று தெரியாமல், தன்னில்தான் பிழை என்று நினைத்துக்கொண்டு பரீட்சைக்குப் படிக்கிறான். “எனக்கு இப்படி ஒரு காலம், உன்னில் பிழையில்லை” என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். நாளைக்கு அவனுடைய பெண்சாதி பாயை எடுத்துக்கொண்டு விறாந்தைக்குப் போனால், ஏன் என்று கேட்கவாவது அவனுக்குத் தெரிந்திருக்கும்.

கடைசியாக அம்மா. நோயாளியாக அவவைப் பார்க்கிறீர்கள், அது உங்கள் கடமை, செய்கிறீர்கள். அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இந்த விசயத்தில் உங்கள் வீட்டில் அனுபவம் உள்ள ஒரே ஆள் அவதான். பக்கத்து அறையில் படுத்திருக்கிறவவை விட்டுவிட்டு எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை அவவுக்குத் தலை இழுத்துவிடும்போது, முகத்தைப் பார்க்காமல் பின்னால் இருந்துகொண்டு கேளுங்கள். அப்படிக் கேட்டால்தான் எங்கள் பெண்கள் வாய் திறப்பார்கள். “அம்மா, அந்த நேரம் விறாந்தையில் படுத்தீங்களே, சரியான சூடா?” என்று மட்டும் கேளுங்கள். பிறகு பேசாமல் சீப்பை இழுங்கள்.

அம்மா என்ன சொன்னா என்று எனக்கு எழுதுங்கள். உங்கள் ஹீமோகுளோபின் எவ்வளவு என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.