பௌதிகவியலை மட்டும் விட வேண்டாம்

தலவாக்கலையிலிருந்து எழுதிய அக்காவுக்கு,

சாதாரண தரம் முடித்த மகள், ஒப்பரேஷனில் மயங்கிக் கிடப்பவரின் மூளையைக் கவனிக்கும் வேலைக்குத்தான் போவேன் என்று நிற்கிறாளாம். எல்லாவற்றையும் மெஷினே பார்த்தால் ஆளுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்டிருக்கிறீர்கள்.

வேலை இருக்கிறது. ஆனால் அதற்கென்று தனிப் பதவி தேட வேண்டாம். மயக்க மருந்து கொடுக்கும் வைத்தியரின் பொறுப்பில் அதுவும் ஒன்று. நெற்றியில் ஒட்டும் சென்சார் மூளையின் மின்னலைகளை எடுக்க, பிஸ் என்ற மானிட்டர் அதை 0 முதல் 100 வரையான எண்ணாகக் காட்டும். முழு மயக்கத்தில் 40க்கும் 60க்கும் இடையில் வைத்திருக்கப் பார்ப்பார்கள். எண் ஏறினால் நோயாளிக்கு நினைவு திரும்புகிறதா, இல்லை நெற்றித் தசை துடித்ததா? கெட்டமின் என்ற மயக்க மருந்தைக் கொடுத்தால் ஆள் நன்றாக மயங்கியிருக்கும்போதே எண் கூடும். தசையைத் தளர்த்தும் மருந்து ஏறியவருக்கோ, நினைவு வந்தாலும் விரலை அசைத்துச் சொல்ல முடியாது. சுமார் 6,000 பேரை வைத்துச் செய்து 2011இல் வெளியான ஆய்விலும், மூச்சில் வெளிவரும் மயக்க வாயுவின் அளவைக் கவனிப்பதைவிட இந்த எண் மேலானது என்று நிரூபணமாகவில்லை. ஆகவே மெஷினுக்குப் பயப்படாதீர்கள்.

நான் பயப்படுவது வேறொன்றுக்கு. பௌதிகவியலுக்கு ஆசிரியர் இல்லையென்று நம் தோட்டப்பக்கப் பிள்ளைகள் சிலர் விவசாய விஞ்ஞானத்துக்கு மாறிவிடுகிறார்கள். உயிரியல் பிரிவில் அது செல்லும்தான், ஆனால் மருத்துவ பீடத்துக்கு உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் மூன்றும் வேண்டும். ஹட்டனுக்கு டியூஷன் அனுப்பியாவது படிக்க வையுங்கள். பெரும்பகுதி இடங்கள் மாவட்ட அடிப்படையில் போவதால், நுவரெலியா மாவட்ட வெட்டுப்புள்ளியைப் பாருங்கள். கொழும்பு வெட்டுப்புள்ளியைப் பார்த்து மனம் தளர வேண்டாம்.

வழி நீளம்தான், மறைக்கவில்லை. பேராதனையோ வேறெங்கோ ஐந்து வருடப் படிப்பு, ஒரு வருட உள்ளகப் பயிற்சி, அப்புறம் கொழும்பில் மயக்கவியல் பட்டமேற்படிப்பு. மருத்துவம் கிடைக்காவிட்டால், மூளை மின்னலைப் பதிவாளர் பயிற்சிக்குச் சுகாதார அமைச்சு விண்ணப்பம் கோருகிறதா என்று வர்த்தமானியைப் பார்த்துக்கொண்டிருங்கள். அந்த வேலை பெரும்பாலும் வலிப்பு நோய் போன்றவற்றுக்கான பரிசோதனைதான், ஒப்பரேஷன் தியேட்டர் வேலை அல்ல என்பதை மகளுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இன்னொன்றும் அவளிடம் கேளுங்கள்: பிடித்திருப்பது நோயாளியைப் பார்ப்பதா, அந்த மெஷினையா? மெஷின் என்றால் உயிரியல் பிரிவே வேண்டாம். கணிதப் பிரிவெடுத்து, மொரட்டுவையில் உயிர்மருத்துவப் பொறியியலுக்கு முயலலாம். உயர்தர வகுப்பில் பெயர் பதிவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள், பாதியில் பிரிவு மாறுவது பெரிய கஷ்டம்.