மறு: ஒரே பக்கத்தோடு கிளம்பிவிடுகிறார்கள்

வணக்கம் நண்பரே. உங்கள் கிரைண்டர் விமர்சனத் தளத்துக்கு வருகிறவர்கள் ஒரு பக்கத்தோடு போய்விடுவதாக எழுதியிருந்தீர்கள். அவர்கள் வருவதே 'இதை வாங்கலாமா?' என்ற ஒரு கேள்வியோடுதான். நீங்களோ நாலு பத்தி முன்னுரை வைத்திருக்கிறீர்கள். தீர்ப்பை முதலில் சொல்லுங்கள். சந்தேகம் எழும் இடத்திலேயே இணைப்பைக் கொடுங்கள்: 'நாலு பேருக்கு 2 லிட்டர் டேபிள் டாப் போதும்' என்ற வரியிலேயே டில்டிங் (சாய்த்து மாவெடுக்கும்) கிரைண்டரோடு ஒப்பிடும் பதிவுக்கு வழி இருக்கட்டும். கடைசியில் தொங்கும் 'தொடர்புடைய பதிவுகளை' யாரும் சீந்துவதில்லை.

கம்பெனிப் படங்களைத் தூக்கிவிட்டு, கல்லில் ஒட்டிய உளுந்து மாவை வழித்தெடுப்பதை நீங்களே படமெடுத்துப் போடுங்கள். அந்த நோட்டிஃபிகேஷன் பாப்-அப் இன்றைக்கே போகட்டும், ப்ளீஸ்!

பவுன்ஸ் ரேட்டை, அதாவது வந்த வேகத்தில் கிளம்பிவிடுகிறவர்களின் விகிதத்தை, பார்த்துப் பயப்பட வேண்டாம். தளத்துக்கு வருகிறவர்களைக் கணக்கிடும் கூகுள் அனலிட்டிக்ஸ் 4-இல், ஒரே பக்கம் படித்தாலும் 10 விநாடிக்கு மேல் இருந்தவர் அந்தக் கணக்கில் சேரமாட்டார்.