எம்1 காரண்ட் ரைஃபிள்: எந்தத் தயாரிப்பாளரின் துப்பாக்கியை வாங்கலாம், எப்படிப் பராமரிப்பது?

கேள்வி இது: அமெரிக்காவில் வசிப்பவர், இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவம் பயன்படுத்திய ரைஃபிளான எம்1 காரண்ட் பழையதாக ஒன்று வாங்க விரும்புகிறார். ஸ்பிரிங்ஃபீல்டு, வின்செஸ்டர் என்று பல பெயர்கள் கண்ணில் படுகின்றன. எதைத் தேடுவது, வாங்கியபின் எப்படிக் காப்பது?

பெயரைப் பார்த்துக் காசு கொடுக்காதீர்கள், குண்டு பாயும் குழாயான பேரலைப் பார்த்துக் கொடுங்கள். ரிசீவர் என்ற நடு உடலின் பின்பக்கத்தில் பொறித்த பெயர் ரிசீவருக்கு மட்டும்தான் சாட்சி. போர் முடிந்தபின் ராணுவக் கிடங்குகள் இந்த ரைஃபிள்களைப் பிரித்துச் சுத்தம் செய்து, கைக்கு வந்த பாகத்தைப் போட்டுத் திரும்பப் பூட்டின. அதனால் வின்செஸ்டர் ரிசீவரில் ஸ்பிரிங்ஃபீல்டு போல்ட் (தோட்டா அறையைப் பூட்டும் பாகம்) இருப்பது குறையே அல்ல, அது அந்தத் துப்பாக்கி பணிசெய்ததன் தடம். 'எல்லாப் பாகமும் ஒரே தயாரிப்பு' என்று விற்கப்படுபவற்றில் பெரும்பாலானவை பிற்காலத்தில் சேகரிப்பாளர்கள் தேடிப்பிடித்துச் சேர்த்தவை.

அமெரிக்கத் தயாரிப்பாளர்கள் நால்வர். மாசசூசெட்ஸில் இருந்த அரசு ஆலையான ஸ்பிரிங்ஃபீல்டு ஆர்மரி 1937 முதல் போர் முடியும்வரை சுமார் 35 லட்சம் செய்தது. போர்க்காலத்தில் வின்செஸ்டர் 5 லட்சத்துக்குச் சற்று மேல். கொரியப் போரை ஒட்டி 1950-களில் ஹாரிங்டன் அண்ட் ரிச்சர்ட்சனும், டிராக்டர் கம்பெனியான இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரும் வந்து சேர்ந்தன. என் கணக்கில் சேகரிப்பாளருக்கு மிகச் சுவையானது ஹார்வெஸ்டர்தான். ரிசீவர் உற்பத்தியில் அவர்கள் தடுமாறியதால், ஸ்பிரிங்ஃபீல்டும் ஹாரிங்டனும் செய்த ரிசீவர்களிலும் ஹார்வெஸ்டர் பெயர் பொறிக்கப்பட்டது. எழுத்துகள் அடுக்கப்பட்ட விதத்தை வைத்தே 'அம்புமுனை', 'தபால்தலை' என்று வகை பிரிக்கிறார்கள். அவர்களுடைய பேரல்களில் 'எல்எம்ஆர்' என்ற குறி இருக்கும்.

குறிகளை இப்படிப் படியுங்கள். போல்டை இயக்கும் நீண்ட கம்பியான ஆப்பரேட்டிங் ராடைப் பின்னுக்கு இழுத்தால் பேரலின் வலப்பக்கத்தில் தயாரிப்பாளர் குறியும், ஸ்பிரிங்ஃபீல்டு என்றால் மாதமும் ஆண்டும் தெரியும். உலகப் போர்க்கால ரிசீவரின் வலது காலில் (வலப்பக்கத்துக் கீழ்ப்பகுதியில்) டி28291 என்ற வரைபட எண் இருக்கும். போல்டில் டி28287, ராடில் டி35382, விசை பொருந்தியிருக்கும் டிரிக்கர் ஹவுசிங்கில் டி28290. கூடவே 'எஸ்ஏ' என்றால் ஸ்பிரிங்ஃபீல்டு, 'டபிள்யூஆர்ஏ' என்றால் வின்செஸ்டர். மரக்கட்டையில் உள்ள பரிசோதகர் முத்திரையை மட்டும் வைத்து விலை பேசாதீர்கள். போலி முத்திரைகள் நிறையவே உலவுகின்றன.

பெயர் பொருந்த வேண்டுமென்று வேறு போல்ட் வாங்கிப் போடுகிறவர்கள் ஹெட்ஸ்பேஸ் (மூடிய போல்டின் முகத்துக்கும் அறையில் தோட்டா நிற்கும் இடத்துக்கும் உள்ள தூரம்) அளக்காமல் சுடவே கூடாது. இந்த ரைஃபிளின் தோட்டாவான .30-06-க்கு 1.940 அங்குல கேஜில் (அளவுக் கருவியில்) போல்ட் மூட வேண்டும், 1.950 கேஜில் மூடக் கூடாது. வெற்றுக்கூட்டை வெளியேற்றும் எஜெக்டரையும் எக்ஸ்ட்ராக்டரையும் கழற்றிய வெறும் போல்டை வைத்து, விரலால் மெல்லத் தள்ளி அளக்க வேண்டும்.

பேரலுக்கு இரண்டு அளவுகள் உண்டு: தோட்டா நுழையும் தொண்டையின் தேய்மானம், வாய்ப்பக்கத் தேய்மானம். அலபாமாவின் ஆனிஸ்டனில் இயங்கும் சிவிலியன் மார்க்ஸ்மன்ஷிப் புரோகிராம் என்ற, ராணுவ ரைஃபிள்களைப் பொதுமக்களுக்கு விற்கும் அமைப்பு, 'சர்வீஸ் கிரேடு' ரைஃபிளில் தேய்மானக் கேஜ் தொண்டையில் 5-க்குக் கீழும் வாயில் 3-ஐத் தாண்டாமலும் இருக்கும்படி பிரித்து விற்கிறது. தகுதியுள்ள அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டும்தான் விற்பார்கள், மாநிலச் சட்டங்களும் வேறுபடும். முதல் ரைஃபிளை அங்கே வாங்குவதே நல்லது. தனியாரிடம் வாங்கினால் ரிசீவரைக் கூர்ந்து பாருங்கள். ராணுவம் குறுக்கே வெட்டி எறிந்தவற்றைப் பற்றவைத்து விற்ற காலம் ஒன்று இருந்தது. நடுவில் மெருகின் நிறம் மாறினாலோ, உள்பக்கம் அரம் போட்ட தடம் இருந்தாலோ வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இந்த ரைஃபிளைக் கெடுப்பதில் முதலிடம் தவறான தோட்டாவுக்கு. வாயு எடுக்கும் துளை பேரலின் வாய்க்கு மிக அருகில் இருக்கிறது. வேட்டைக்கென்று விற்கும் .30-06 தோட்டாக்களில் பலவற்றில் மெதுவாக எரியும் மருந்து இருப்பதால், குண்டு துளையைத் தாண்டும்போதும் அழுத்தம் குறையாமல் இருக்கும். அந்த அடி ராடை வளைத்துவிடும். 150 கிரெய்ன் எடைக் குண்டுள்ள 'எம்2 பால்' (ball) என்ற ராணுவத் தோட்டா, அல்லது காரண்டுக்கென்றே குறிப்பிட்டு விற்கும் தோட்டா, இவை மட்டும் போதும். ராட் இயல்பிலேயே வளைவாகத்தான் இருக்கும், அதை நிமிர்த்தப் பார்க்காதீர்கள். சரியாக இருக்கிறதா என்று அறிய, கட்டையையும் ஸ்பிரிங்கையும் கழற்றிவிட்டு ரைஃபிளை மேலும் கீழும் சாயுங்கள். ராட் தன் எடையிலேயே எங்கும் உரசாமல் வழுக்கிப் போய்வர வேண்டும்.

வெற்றுக்கூடு சரியாக வெளியேறவில்லை, அடுத்த தோட்டா ஏறவில்லை என்றால் ராடின் முனையில் உள்ள பிஸ்டனை மைக்ரோமீட்டரால் அளங்கள். 0.525 அங்குலத்துக்குக் கீழே தேய்ந்திருந்தால் வாயு கசியும். ராடின் ஸ்பிரிங் 19 அங்குலத்துக்குக் குறைந்திருந்தால் மாற்றிவிடுங்கள், விலை குறைவுதான்.

உராய்வு உள்ள இடங்களுக்கு எண்ணெய் போதாது, கிரீஸ் வேண்டும். போல்டின் இரண்டு பூட்டுக் காதுகள், ராடின் உட்பள்ளம், ரிசீவரின் தடங்கள், பேரலின் அடியில் ராட் உரசும் இடம், போல்டின் அடிப்பக்கம். பளபளப்பு தெரியும் அளவுக்கு மெல்லிய பூச்சு போதும். பேரலின் வாயு புகும் கேஸ் சிலிண்டரும் பிஸ்டனும் மட்டும் உலர்ந்தே இருக்க வேண்டும். அங்கே எண்ணெய் விட்டால் கரியாக இறுகிவிடும்.

ரிசீவரின் பின்பக்கம் அடைபட்டிருப்பதால் பேரலை வாய்வழியாகத்தான் சுத்தம் செய்ய முடியும். ராணுவத்தின் எஃகுக் கம்பிகள் அறைந்து அறைந்தே எத்தனையோ பேரல்களின் வாய் அகன்றுபோனது. பித்தளை வழிகாட்டி ஒன்றை வாயில் மாட்டி, பிளாஸ்டிக் பூசிய கம்பியைப் பயன்படுத்துங்கள். கரைசல் வாயுத்துளைக்குள் இறங்காதபடி ரைஃபிளைக் கவிழ்த்து வையுங்கள். 1950-களின் தொடக்கத்துக்கு முந்தைய தோட்டாக்களைச் சுட்டிருந்தால் பிரைமர் (தோட்டாவின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் மூடி) விட்டுச்சென்ற உப்பு உள்ளே இருக்கும். அது ஈரத்தை இழுத்துத் துருவாக்கும். பெட்ரோலியக் கரைசலில் உப்பு கரையாது. சூடான சோப்புத் தண்ணீரால் அன்றே கழுவி, நன்றாகத் துடைத்து, பிறகுதான் எண்ணெய்.

சுடும்போது ஒரு தோட்டாவைக் கையால் அறைக்குள் போட்டு போல்டை விடவே கூடாது. பிரைமரைத் தட்டும் ஊசியான ஃபயரிங் பின்னுக்கு ஸ்பிரிங் கிடையாது. போல்ட் அடித்து நிற்கும் வேகத்தில் அது முன்னே வந்து பிரைமரைத் தட்டிவிடலாம்.

மரக்கட்டையை உப்புத்தாளால் தேய்க்காதீர்கள். முத்திரை அழியும், ரிசீவர் உட்காரும் பிடிப்பும் தளரும். துருப்பிடிக்காமல் இருக்க ராணுவம் பூசிய கிரீஸான பழைய காஸ்மோலினை மினரல் ஸ்பிரிட்டால் (பெயிண்ட் கரைக்கும் திரவத்தால்) துடைத்து எடுத்துவிட்டு, ஆளிவிதை எண்ணெயை மெல்லிதாகத் தேய்த்து, மிச்சத்தை வழித்துவிடுங்கள். எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போட்டால் தானாகவே தீப்பிடிக்கலாம். வெளியில் விரித்துக் காயவைத்த பிறகே எறியுங்கள்.