நீங்களாக விட்டுக்கொடுத்த இருக்கை

கேள்வி: இரண்டு மாதம் முன்பே பணம் கட்டி எடுத்த டிக்கெட். நேரத்துக்குப் போயும், ‘விமானம் நிரம்பிவிட்டது’ என்று கவுன்டரிலேயே நிறுத்திவிட்டார்கள். ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, வவுச்சர் கொடுத்து, மறுநாள் அனுப்பினார்கள். இது மோசடி இல்லையா?

பதில்: மோசடி மாதிரித்தான் இருக்கிறது. ஆனால் ஓவர்புக்கிங்கை, அதாவது இருக்கைகளைவிட அதிகமாக டிக்கெட் விற்பதை, பல நாடுகளின் சட்டம் அனுமதிக்கிறது. டிக்கெட் எடுத்த எல்லாரும் வருவதில்லை, இருக்கை காலியாகப் போனால் நஷ்டம் என்று நிறுவனங்கள் காரணம் சொல்லும். வராமல் போனவரின் பணம் என்ன ஆகிறது? மலிவு டிக்கெட் என்றால் பெரும்பாலும் திரும்பக் கிடைக்காது. ஒரே இருக்கைக்கு இரண்டு வசூல். கணக்கு பிசகும் நாளில் மட்டும் நஷ்டத்தைப் பயணி தலையில் கட்டுகிறார்கள்.

சரி, நீங்கள் போகிற போக்கில் சொன்ன அந்தக் கையெழுத்துக்கு வருவோம். படிவத்தைப் படித்தீர்களா?

யாரை இறக்குவது என்று நிறுவனம் முடிவு செய்ய வேண்டாம், எவ்வளவு கொடுத்தால் விட்டுக்கொடுப்பீர்கள் என்று பயணிகளையே கேளுங்கள் என்று 1968-இல் எழுதினார் ஜூலியன் சைமன் என்ற பொருளாதார அறிஞர். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. முதலில் விருப்பமுள்ளவர்களைத் தேட வேண்டும் என்று அமெரிக்கா விதி போட்டது 1978-இல்தான். இன்று ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் அதே முறை. விருப்பப்பட்டு இறங்கினால் பேரம் பேசியதுதான் கிடைக்கும். விருப்பமில்லாமல் இறக்கப்பட்டால் சட்டம் சொல்லும் தொகை. ஐரோப்பிய ஒன்றிய விதியில் அது தூரத்தைப் பொறுத்து 250 முதல் 600 யூரோ வரை. இந்தியாவில், ஒரு மணி நேரத்துக்குள் மாற்று விமானம் கிடைத்தால் ஒன்றும் கிடையாது. 24 மணி நேரத்துக்குள் என்றால் ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்ததைப் போல இரண்டு மடங்கு, உச்சவரம்பு 10,000 ரூபாய். அதையும் தாண்டினால் நான்கு மடங்கு, 20,000 வரை. தாமதமாக செக்-இன் செய்தவர் இதையெல்லாம் கேட்க முடியாது. நீங்கள் அந்த ரகம் இல்லை.

ஆக, ‘நானாகவே விட்டுக்கொடுக்கிறேன்’ என்ற வரிக்குக் கீழே நீங்கள் கையெழுத்துப் போட்டிருந்தால், ஏமாந்த பயணி என்ற கணக்கிலிருந்து தாராள மனசுக்காரர் என்ற கணக்குக்கு உங்களை மாற்றிவிட்டார்கள். வவுச்சரும் அப்படித்தான். ஐரோப்பிய விதிப்படி பயணி கையெழுத்திட்டுச் சம்மதித்தால்தான் பணத்துக்குப் பதில் வவுச்சர் தரலாம். அமெரிக்காவிலும், விருப்பமில்லாமல் இறக்கப்பட்டவர் வவுச்சரை மறுத்துப் பணமாகவே கேட்கலாம். இது கவுன்டரில் இருப்பவருக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் பேனாவைச் சிரித்துக்கொண்டே நீட்டுகிறார்.

படிவத்தின் நகல் இருந்தால் தேடி எடுங்கள். விருப்பத்துடன் என்ற வார்த்தை அதில் இல்லையென்றால், நீங்கள் ஏறிய ஊரின் விதியைக் குறிப்பிட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் கேளுங்கள்; மழுப்பினால் அங்குள்ள விமானப் போக்குவரத்து ஆணையத்துக்குப் புகார் போகட்டும். அப்புறம், அந்த வவுச்சரை இன்னும் பயன்படுத்தவில்லைதானே?