வாசகர் கேள்வி: டவுன் பஸ் ஓட்ட மட்டும் ஏன் அரசாங்கத்துகிட்ட காசு இல்ல?

கேள்வி: லேடீஸுக்கு ஃப்ரீயா விட்டதாலதான் கவர்மென்ட் பஸ் நஷ்டத்துல ஓடுதுன்னு எங்க தெருவுல ஆம்பளைங்க எல்லாரும் சொல்றாங்க, நிஜமா? - வாசகி, செங்கம்

பதில்: இல்லைங்க. ஃப்ரீ பயணம் வந்தது 2021 மே மாசம், நஷ்டம் அதுக்கு ரொம்ப முன்னாடியே இருக்கு. போக்குவரத்துக் கழகம்னா பேருக்கு கம்பெனி, ஆனா டிக்கெட் விலையை அது வைக்க முடியாது, கோட்டைலதான் முடிவு பண்ணுவாங்க. 2011 நவம்பர்ல ஏத்துனாங்க, அடுத்து ஏத்துனது 2018 ஜனவரில, நடுவுல ஆறு வருஷம் டீசலும் சம்பளமும் ஏறிக்கிட்டே இருக்கு டிக்கெட் மட்டும் அப்படியே நிக்குது, அப்புறம் ஒரே நாள்ல ஏத்துனதும் காலேஜ் பசங்க ரோட்டுக்கு வந்தாங்க, பத்து நாள்ல கொஞ்சம் குறைச்சாங்க. டிக்கெட் கம்மியா இருக்கணும்னுதான் நானும் சொல்வேன், ஆனா அந்த வித்தியாசத்தை அரசாங்கம் முழுசா, நேரத்துக்கு கொடுக்கணும். உங்களுக்கு கண்டக்டர் கொடுக்கிற கட்டணமில்லா டிக்கெட்டுக்கும் பணம் பட்ஜெட்லேர்ந்துதான் வருது, 2025-26க்கு 3,600 கோடி ஒதுக்கியிருக்காங்க, ஸ்டூடன்ட் பாஸுக்கும் டீசல் மானியத்துக்கும் தனி. கணக்குல பற்றாக்குறை விழுந்தா கடைசில யார் தலைல விடியுதுன்னு பாருங்க, 2024 ஜனவரில பஸ் ஸ்ட்ரைக் நடந்துச்சே, ரிட்டயர் ஆனவங்களோட அகவிலைப்படி பாக்கி அதுல முக்கியமான கோரிக்கை. வாழ்நாள் பூரா வண்டி ஓட்டுனவங்க அவங்க.

கேள்வி: மெட்ரோவுக்கு மட்டும் எப்படி ஆயிரக்கணக்குல கோடி கிடைக்குது? - வாசகர், ஆரணி

பதில்: கட்டுறதுக்கு கடன் கிடைக்கும் சார், தினம் ஓட்டுறதுக்கு யாரும் தர மாட்டாங்க. சென்னை மெட்ரோ ரெண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர், 63,246 கோடி, ஜப்பான் கடன் மாதிரி வெளிக்கடன் அதுல பெரிய பங்கு. அதுலயும் இழுபறிதான், 2020 நவம்பர்ல அடிக்கல் நாட்டிட்டாங்க, மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது 2024 அக்டோபர்ல, அதுவரைக்கும் செலவுல பெரும்பகுதி மாநிலத்து மேலதான். மெட்ரோ வேண்டாம்னு சொல்லல, வேணும். ஆனா ஸ்டேஷன்ல இறங்குனவங்க வீட்டுக்குப் போக பஸ் இருக்கணுமே, அதுக்கும் அதே அக்கறையோட பணம் ஒதுக்கணும்.

கேள்வி: சாயங்கால ட்ரிப் பாதி நாள் வர்றதே இல்ல, கேட்டா டிரைவர் இல்லங்கறாங்க. என்ன பண்றது? - வாசகி, போளூர்

பதில்: வாய்ல கேட்டா அந்த பதில்தான் வரும்மா. தகவல் உரிமைச் சட்டத்துல மனு போடுங்க, 10 ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி போக்குவரத்துக் கழகத்தோட பொதுத் தகவல் அலுவலருக்கு ரிஜிஸ்டர் தபால்ல அனுப்புங்க. ரூட் நம்பர் போட்டு மூணு மாசத்துக்கு கேளுங்க, அனுமதிச்ச ட்ரிப் எத்தனை, ஓட்டுனது எத்தனை, கட் ஆனதுக்கு காரணம் என்ன, டிப்போல டிரைவர் கண்டக்டர் காலியிடம் எத்தனைன்னு. 30 நாள்ல பதில் தரணும். வந்ததும் ஒரு காப்பி உங்க எம்எல்ஏவுக்கு, ஒண்ணு கலெக்டர் ஆபீஸ் திங்கக்கிழமை மனு நாளுக்கு.